பதினொரு கட்டில் கணக்கு

ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்தால் நம் ஊரில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெண்ணுக்குக் கல்யாணம். பாதியில் நிற்கும் மாடி. மிச்சம் மீதி இருந்தால் பேங்கில் ஃபிக்ஸட் டெபாசிட். அப்புறம் காலையில் வாக்கிங், சாயங்காலம் கோயில், நடுவே பேரன் பேத்தி. இதில் ஒரு தப்பும் கிடையாது. முப்பது வருஷம் உழைத்த மனிதருக்கு இதுகூட இல்லாமலா?

1976-ம் வருடம் மதுரையில் ஓர் அரசாங்க டாக்டர் 58 வயதில் ஓய்வு பெற்றார். அவருக்குப் பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. கல்யாணமே செய்துகொள்ளாதவர். பென்ஷன் உண்டு. சொந்த வீடு உண்டு. அந்த வீட்டைத்தான் அடமானம் வைத்தார். பதினொரு கட்டில் போட்டு ஒரு கண் ஆஸ்பத்திரி திறப்பதற்காக!

அவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. பழகியவர்களுக்கு டாக்டர் வி. அவர் திறந்தது அரவிந்த் கண் மருத்துவமனை.

'ஓ, அரவிந்த் கதையா, தெரிந்ததுதானே' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது பெரிய கட்டடம், வாசலில் அலைமோதும் கூட்டம், இலவச ஆபரேஷன், உலகம் முழுக்க விருதுகள். எல்லாம் நிஜம். ஆனால் பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரிக் கதைகளைக் கேட்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். நல்ல மனசு இருந்தால் ஆஸ்பத்திரி ஆரம்பித்துவிடலாம். நடத்த முடியுமா? முதல் தேதி பிறந்தால் சம்பளம். அப்புறம் கரன்ட் பில். மருந்து சப்ளை செய்தவன் பாக்கி கேட்டு வாசலில் நிற்பான். தர்மம் என்று போர்டு மாட்டியதற்காக எவனும் பில்லைக் கிழித்துப் போடமாட்டான்.

ஆகவே இந்த வாரம் மகானைக் கொஞ்சம் ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவருடைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவோம்.

அதற்கு முன்னால் அந்தக் கைகளைப் பற்றி ஒரு வார்த்தை.

எட்டயபுரம் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்கிற கிராமத்தில் 1918-ல் பிறந்தவர் வெங்கடசாமி. விவசாயக் குடும்பம். சின்ன வயதில், உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் பிரசவத்தில் செத்துப்போனதைப் பார்த்தார். ஊரில் டாக்டர் கிடையாது. பிரசவ டாக்டர் ஆவதென்று அப்போதே முடிவு செய்துவிட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல், பிறகு சென்னை ஸ்டான்லியில் மருத்துவம். முடித்த கையோடு ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். அங்கேதான் விதி வேறு மாதிரி எழுதியது.

கடுமையான முடக்குவாதம். ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கை. 1948-ல் ராணுவம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. கை விரல்கள் நிரந்தரமாகக் கோணிக்கொண்டன. பேனா பிடிக்க முடியவில்லை. பிரசவம் பார்ப்பதாவது! வேறு யாராவதாக இருந்தால் மருத்துவத்தையே மறந்திருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா? கண் மருத்துவம் படிக்கப் போனார். உடம்பிலேயே மிக நுணுக்கமாகக் கத்தி வைக்க வேண்டிய இடம் கண். கோணல் விரல்களுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். தன் கைக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டார். அந்தக் கைகள் தன் வாழ்நாளில் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேலே என்கிறார்கள்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராக வந்தார். அங்கே இருபது வருஷம். இந்த இருபது வருஷத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்தக் காலத்தில் கண்புரை என்பது கிராமத்து வீட்டில் ஒரு தீர்ப்பு மாதிரி. கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வயதாக ஆகப் பால் படிந்தது மாதிரி மங்கிப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் குறையும். 'வயசானா அப்படித்தான்' என்று திண்ணையில் உட்காரவைத்துவிடுவார்கள். சோறு போடுவார்கள், தட்டைக் கையில் கொடுப்பார்கள். களத்து வேலை போச்சு, மாடு மேய்ப்பது போச்சு. குடும்பத்தில் ஒரு வருமானம் நின்று ஒரு செலவு கூடிவிடும். இத்தனைக்கும் மங்கிய லென்ஸை எடுத்துவிட்டால் தீர்ந்தது விஷயம். இந்தியாவில் பார்வை இழந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படி, சரிசெய்யக்கூடிய காரணத்தால்தான் இருட்டில் இருந்தார்கள். பார்வையிழப்பைத் தடுக்க மத்திய அரசு தேசிய அளவில் ஒரு திட்டம் தொடங்கியதும் அதே 1976-ல்தான்.

வெங்கடசாமி அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம் நடத்தியவர். எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், அதில் எத்தனை பேருக்கு அரசாங்கத்தால் செய்ய முடிகிறது என்கிற வித்தியாசம் அவருக்கு அத்துப்படி. 58 வயதில் அந்த வரிசையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னால் மனிதர் எப்படிப் போவார்?

ஒரு டிரஸ்டு ஆரம்பித்தார். பேங்கில் கடன் கேட்டார்கள். கிடைக்கவில்லை.

பேங்க்காரரைத் திட்டாதீர்கள். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் உட்கார்ந்து பாருங்கள். எதிரே ஓய்வு பெற்ற மனிதர். விரல்கள் கோணல். தொழில் என்ன என்று கேட்டால், 'ஆஸ்பத்திரி. காசு இருக்கிறவன் கொடுப்பான், இல்லாதவனுக்கு இலவசம்' என்கிறார். வருமானம் எவ்வளவு வரும் என்றால் நோயாளிக்குத்தான் தெரியும் என்கிற மாதிரி பதில். நானாக இருந்தாலும் அந்த விண்ணப்பத்தைச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்திருப்பேன்.

வீடு அடமானத்துக்குப் போனது. குடும்பத்து நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று வீட்டுக்குள்ளேயே கண் டாக்டர்கள் இருந்தார்கள். அவர்களும் அரசாங்க வேலையை உதறிவிட்டு வந்தார்கள். தம்பி சீனிவாசன் கட்டட வேலை தெரிந்தவர். கணக்கு வழக்கு அவர் பொறுப்பு. மதுரையில் ஒரு வீட்டில் பதினொரு கட்டிலோடு போர்டு மாட்டியாகிவிட்டது. புதுச்சேரி ஆசிரமத்தில் வெங்கடசாமிக்கு ஈடுபாடு அதிகம். அதனால் ஸ்ரீ அரவிந்தர் பெயர்.

இனி கணக்கு.

முதல் நாளிலிருந்தே அங்கே இரண்டு வகை நோயாளிகள். கட்டணம் கொடுப்பவர்கள், கொடுக்காதவர்கள். முதலில் சம்பாதித்துவிட்டுப் பிறகு தர்மம் செய்யலாம் என்று தள்ளிப்போடவில்லை. முதலில் தர்மம், பணம் தானாக வரும் என்று கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே நாளில்.

காசு கொடுக்கிறவன் ஏன் இங்கே வர வேண்டும்? அவனுக்கு ஊரில் வேறு டாக்டரா இல்லை? இங்கேதான் அந்த இருபது வருஷம். அக்கவுன்டன்ஸி பாடத்தில் 'குட்வில்' என்று ஒரு சமாசாரம் வரும். கண்ணுக்குத் தெரியாத சொத்து. கடையை விற்கும்போதுதான் அதற்கு விலை தெரியும். அதுவரை பேரேட்டில் ஒரு வரிகூட இருக்காது. மதுரை ஜில்லா முழுக்க 'பெரியாஸ்பத்திரி கண் டாக்டர்' என்று இருபது வருஷம் சம்பாதித்த பெயர்தான் வெங்கடசாமியின் உண்மையான மூலதனம். பேங்க் மேனேஜரின் படிவத்தில் அதை எழுதுவதற்குக் கட்டம் இல்லை. அவ்வளவுதான்.

அடுத்து, யாருக்கு இலவசம்? இதை நம் அரசாங்க ஆபீஸ் வழியில் யோசித்தால் ரேஷன் கார்டு, தாசில்தார் சர்ட்டிஃபிகேட், கவுன்சிலர் சிபாரிசு என்று நீளும். அரவிந்தில் அந்தப் பேச்சே இல்லை. எந்த வாசலில் நுழைவது என்று நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம். வசதி உள்ளவன் ஏமாற்றி இலவசத்தில் போய்விட மாட்டானா? போகலாம்தான். ஆனால் இலவசப் பக்கத்தில் பெரிய கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். கட்டணப் பக்கத்தில் கட்டில், தனி அறை, கொடுக்கிற காசுக்குத் தக்கபடி வசதி. டாக்டர்கள் மட்டும் ஒரே டாக்டர்கள்தான். முறை வைத்து இரண்டு பக்கமும் போவார்கள். கத்தியில் வித்தியாசம் இல்லை. படுக்கையில்தான். காசுள்ளவனைப் பிடிக்க இதைவிடச் சுலபமான தாசில்தார் கிடையாது!

ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி. ஒருவன் கொடுப்பதில் இன்னொருவனுக்கு வைத்தியம் என்றால், கொடுப்பவனிடம் இரண்டு மடங்காகப் பிடுங்க வேண்டுமே? அப்படிப் பிடுங்கினால் அவன் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போய்விடுவானே?

இங்கேதான் காகிதமும் பென்சிலும் வேண்டும். பேச்சுக்காகச் சில எண்களைப் போட்டுக்கொள்வோம். ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு நாளைக்கு 2,000 ரூபாய் நிலையான செலவு. வாடகை, சம்பளம், கருவிகளின் தேய்மானம் எல்லாம் அதில் அடக்கம். நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் அது போயே தீரும். இது போக ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் மருந்து, கட்டு என்று 100 ரூபாய். கட்டணம் 400 ரூபாய் என்று வையுங்கள்.

நாளைக்கு 4 ஆபரேஷன் நடந்தால்? செலவு 2,400. நாலு பேரும் காசு கொடுத்தாலும் வரவு 1,600. தினமும் 800 ரூபாய் நஷ்டம். இந்த டாக்டர் ஒருவருக்குக்கூட இலவசமாகச் செய்ய முடியாது. தர்ம சிந்தனை எவ்வளவு இருந்தாலும் சரி.

அதே இடத்தில் 40 ஆபரேஷன் நடந்தால்? செலவு 6,000. இதில் 15 பேர் மட்டும் 400 ரூபாய் கொடுத்தாலே 6,000 வந்துவிட்டது. மிச்சம் 25 பேருக்கு இலவசம்! கட்டணத்தை ஒரு பைசா ஏற்றவில்லை. யாரிடமும் நன்கொடைக்குப் போகவில்லை. கூட்டம் சேர்ந்ததால் வந்த லாபம் தர்மமாக மாறிவிட்டது.

எண்கள் நான் போட்டவை. தத்துவம் அரவிந்துடையது. மேலோட்டமாகப் பார்த்தால் இலவச நோயாளிகள் அந்த ஆஸ்பத்திரிக்குப் பாரம் என்று தோன்றும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அவர்கள் கூட்டமாக வருவதால்தான் டாக்டர்களின் கை தேறுகிறது, கருவிகள் சும்மா கிடப்பதில்லை, மருந்தும் கட்டுத் துணியும் மொத்த விலைக்குக் கிடைக்கின்றன. அந்தத் தேர்ந்த கையைத் தேடித்தான் காசு கொடுப்பவன் வருகிறான்.

ஆனால் ஒரு டாக்டர் நாளைக்கு நாற்பது ஆபரேஷன் செய்வது எப்படி? மனிதரா, மெஷினா?

வெங்கடசாமி மெக்டொனால்ட்ஸ் பற்றி ஓயாமல் பேசுவார் என்பார்கள். ஆமாம், பர்கர் விற்கிற மெக்டொனால்ட்ஸ். இந்தியாவில் அவர்களுடைய முதல் கடை திறந்தது 1996-ல். அதற்குப் பல வருஷம் முன்பே அமெரிக்காவில் அந்தக் கடைகளைப் பார்த்துவிட்டு வந்து, இந்த கதர்ச் சட்டை மனிதர் மதுரையில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி, ஒரே விலை, யார் செய்தாலும் ஒரே செய்முறை. பர்கருக்கு முடிகிறது என்றால் கண்ணுக்கு ஏன் முடியாது?

ஆபரேஷன் தியேட்டரில் டாக்டரின் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். கத்தி பிடிக்கிற நேரம் கொஞ்சம்தான். நோயாளியைப் படுக்கவைப்பது, சுத்தம் செய்வது, மருந்து போடுவது, கட்டுப்போட்டு எழுப்புவது என்று மிச்சமெல்லாம் காத்திருப்பு. சரி, இரண்டு மேஜை போடு. ஒரு மேஜையில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்தவர் தயாராகட்டும். முதல் கண் முடிந்ததும் மைக்ராஸ்கோப்பை இந்தப் பக்கம் திருப்பு. டாக்டர் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருகிற இடைவெளியே கிடையாது. நாடு முழுவதும் ஒரு கண் டாக்டர் சராசரியாக வருஷத்துக்குச் சில நூறு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தபோது, அரவிந்த் டாக்டர் ஒருவர் செய்தது சுமார் 2,000.

தொழிற்சாலை மாதிரி நடத்தினால் தரம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான பயம். பிரிட்டனின் ஆபரேஷன் புள்ளிவிவரங்களோடு அரவிந்தின் எண்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிக்கல்கள் அங்கே இருந்ததைவிட இங்கே அதிகம் இல்லை. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற கை சுத்தமாகச் செய்யும் என்பது நம்மூர்த் தட்டான் ஆசாரிக்கும் தெரிந்த ரகசியம்தானே.

டாக்டரைச் சுற்றி நிற்கிற பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரவிந்தின் நிஜமான இயந்திரம் அவர்கள்தான். கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் அங்கேயே பயிற்சி. பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடிக்குப் பவர் எடுப்பது, தியேட்டரில் கூட நிற்பது எல்லாம் அவர்கள் வேலை. டாக்டர் மட்டுமே செய்யக்கூடியதை டாக்டர் செய்தால் போதும். இந்த ஒரு வரியில்தான் செலவுக் கணக்கின் பாதி இருக்கிறது.

வளர்ச்சி எப்படி இருந்தது என்கிறீர்களா? 1977-ல் இன்னும் 30 கட்டில். 1978-ல் இலவச நோயாளிகளுக்கென்றே 70 கட்டில். 1981-ல் அண்ணா நகரில் 250 கட்டிலோடு பெரிய ஆஸ்பத்திரி. கையில் பணம் சேரச் சேர மாடி ஏறியது. 1984-ல் 350 கட்டிலோடு இலவச ஆஸ்பத்திரிக்குத் தனிக் கட்டடம். ஐ.ஐ.எம். கல்கத்தாவில் நிர்வாகம் படித்த துளசிராஜ் 1981-ல் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் கணக்கு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நேரம் காத்திருந்தார்கள், எங்கே வரிசை தேங்கியது, எல்லாவற்றுக்கும்.

அந்தக் கணக்குதான் ஒரு சங்கடமான உண்மையைக் காட்டிக்கொடுத்தது.

கிராமத்தில் முகாம் போடுவார்கள். லயன்ஸ், ரோட்டரி மாதிரி உள்ளூர்ச் சங்கங்கள் பந்தல், விளம்பரச் செலவை ஏற்றுக்கொள்ளும். ஜனம் வரும். சோதித்துப் பார்த்து, 'உங்களுக்குப் புரை முற்றியிருக்கிறது, மதுரைக்கு வாருங்கள், இலவசமாகச் செய்கிறோம்' என்று சீட்டுக் கொடுத்து அனுப்புவார்கள். மதுரையில் கட்டிலும் டாக்டரும் காத்திருப்பார்கள். ஆனால் சீட்டு வாங்கியவர்களில் பெரும்பாலோர் வரவே இல்லை!

ஏன்? இலவசம்தானே? ஆள் அனுப்பி வீடு வீடாகக் கேட்டார்கள். பதில்களைப் பாருங்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லை. அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது? கண் தெரியாதவரைத் தனியாக அனுப்ப முடியாது, கூடப் போகிறவனுக்கு நாலு நாள் கூலி போகும். கத்தி என்றால் பயம். 'இன்னும் கொஞ்சம் தெரியுதே, போகட்டும்.'

இலவசம் என்பது கொடுப்பவனின் புத்தகத்தில்தான் பூஜ்யம். வாங்குகிறவனின் புத்தகத்தில் அதற்கு விலை இருக்கிறது. ஒரு வாரக் கூலியைவிட அதிகமாகவும் இருக்கலாம். இதை நான் பெரிய பெரிய பொருளாதாரப் புத்தகங்களில்கூட இவ்வளவு பளிச்சென்று பார்த்ததில்லை. அரசாங்கத் திட்டங்கள் எத்தனையோ இந்தப் பூஜ்யத்தில்தான் வழுக்கி விழுந்திருக்கின்றன.

அரவிந்த் முறையை மாற்றியது. முகாம் முடிந்ததும் சீட்டுக் கொடுத்து அனுப்புவதில்லை. அன்றைக்கே பஸ்ஸில் ஏற்று. சாப்பாடு ஆஸ்பத்திரியில். ஆபரேஷன் முடிந்ததும் அதே பஸ்ஸில் கொண்டுபோய் ஊரில் விடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தே வருவதால் துணைக்கு ஆள் தேவையில்லை. பயமும் பாதி குறைந்துவிடும். செலவு கூடுமே என்கிறீர்களா? கூடியது. ஆனால் காலியாகக் கிடக்கிற கட்டிலுக்கும், சும்மா நிற்கிற டாக்டருக்கும் ஆகிற செலவைவிட ஒரு பஸ் டீசல் மலிவு. மேலே போட்ட கணக்கை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். புரியும்.

அடுத்த முட்டுக்கட்டை வெளிநாட்டிலிருந்து வந்தது. பழைய ஆபரேஷனில் லென்ஸை எடுத்துவிட்டு, சோடா புட்டி மாதிரி ஒரு கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கண்ணாடி உடைந்தால் பார்வையும் போச்சு. எண்பதுகளில் கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸ் வைக்கிற முறை பரவியது. அற்புதமான பார்வை. ஆனால் இறக்குமதி லென்ஸ் ஒன்று கிட்டத்தட்ட 100 டாலர். கட்டண நோயாளிக்கு லென்ஸ், இலவச நோயாளிக்கு சோடா புட்டி என்று ஆகிவிட்டது. படுக்கையில்தான் வித்தியாசம், கத்தியில் இல்லை என்று இருந்த ஆஸ்பத்திரியில் முதல்முறையாகக் கண்ணிலேயே வித்தியாசம் வந்துவிட்டது.

ஏழை நாடுகளுக்குக் கண்ணாடியே போதும் என்று சொன்ன நிபுணர்கள் இருந்தார்கள். அரவிந்த்காரர்கள் கேட்கவில்லை. 1992-ல் அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை, டேவிட் கிரீன் ஆகியோர் உதவியோடு மதுரையிலேயே 'ஆரோலேப்' என்று லென்ஸ் தொழிற்சாலை ஆரம்பித்துவிட்டார்கள். விலை சுமார் 10 டாலர். பிற்பாடு அதற்கும் கீழே இறங்கியது. மதுரை லென்ஸ் இப்போது நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. கண்ணாடி போதும் என்று சொன்னவர்களின் கருத்து என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை.

1993-ல் ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் இதைப் பாடமாக எழுதினார். அதற்குப் பிறகு உலகத்து எம்.பி.ஏ. வகுப்புகளில் எல்லாம் மதுரை வந்துவிட்டது. கோட் சூட் போட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பல பேர் தங்கள் ஊரில் போய் அதே மாதிரி ஆரம்பிக்கவும் செய்தார்கள். அவர்களுக்குச் சொல்லித்தரவே அரவிந்த் ஒரு பயிற்சி நிறுவனம் வைத்திருக்கிறது. போட்டிக்காரனுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கிற வியாபாரத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை!

ஆனால் ஒரு விஷயத்தை அந்தப் பாடங்களில் ஓரமாகத்தான் தொட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். லாப நஷ்டக் கணக்கில் சம்பளம் என்று ஒரு வரி வரும். அந்த வரியில் வெங்கடசாமியின் பெயர் இல்லை. அவர் கடைசிவரை பென்ஷனில் வாழ்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சம்பளம் எடுத்துக்கொள்ளவில்லை. தங்கையும், தங்கை கணவரும், அடுத்தடுத்து வந்த குடும்பத்து டாக்டர்களும் வெளியே தனியாகப் போர்டு மாட்டியிருந்தால் சம்பாதித்திருக்கக்கூடியதில் ஒரு பங்கைத்தான் இங்கே வாங்கினார்கள். ஆரம்ப வருஷங்களில் ராத்திரி பகல் பார்க்காத உழைப்பு. இவர்கள் விட்டுக்கொடுத்த அந்தப் பணம் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஏற்றிப் பார்த்தால், ஆரம்பகால அரவிந்துக்கு மிகப் பெரிய நன்கொடையாளர் அந்தக் குடும்பம்தான்.

குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த டாக்டர்களிடம் அதே தியாகத்தை எதிர்பார்க்க முடியுமா? முடியவில்லை. இங்கே வந்து ஆயிரக்கணக்கில் ஆபரேஷன் செய்து கை தேறிய இளைஞர்களைத் தனியார் ஆஸ்பத்திரிகள் பல மடங்கு சம்பளம் கொடுத்துக் கொத்திக்கொண்டு போயின. தொடர்ந்து புதியவர்களைப் பயிற்றுவித்துத்தான் அரவிந்த் அதைச் சமாளித்து வந்திருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் ஒரு டாக்டராக இருந்து, நாளைக்கே ஒரு சின்ன க்ளினிக் ஆரம்பித்து இதே சூத்திரத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தால், கொஞ்சம் நிதானியுங்கள். கண்புரை அதிர்ஷ்டக்கார வியாதி. ஒரு ஆபரேஷன், சில நிமிடங்கள், அத்தோடு முடிந்தது. இன்றைக்குச் செய்தாலும் அடுத்த வாரம் செய்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் கூட்டத்தைத் திட்டம் போட்டு வரவழைக்கலாம். எல்லாக் கண்ணுக்கும் கிட்டத்தட்ட ஒரே செய்முறை. சர்க்கரை வியாதிக்காரர் ஆயுசுக்கும் வருவார். ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவரைப் பஸ்ஸில் ஏற்றி வரிசையில் உட்காரவைக்க முடியாது. காய்ச்சலுக்கு ஒவ்வொரு முகமும் ஒரு புதுக் கேள்வி. அங்கெல்லாம் இரண்டு மேஜை போட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அரவிந்த் கதையைச் சொல்லி எந்த வைத்தியத்தையும் மலிவாக்கிவிடலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் ஜாக்கிரதையாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று கிளைகள் வந்தன. 2017-ல் சென்னைக்கும் வந்துவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் எல்லாக் கிளைகளிலும் சேர்த்து வருஷத்துக்கு நாலு லட்சத்துக்கும் அதிகமான ஆபரேஷன்கள். வெங்கடசாமி 2006 ஜூலை 7-ம் தேதி காலமானார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2004 வாக்கில், அவர்கள் இன்னொரு சின்னக் காரியம் ஆரம்பித்தார்கள். முகாம் போட்டால் ஆண்டுக்கு ஒருநாள், இருநாள் என்று மட்டும்தானே போக முடிகிறது? மிச்ச நாளில் கண்ணில் உறுத்தல் என்றால் கிராமத்து ஆள் எங்கே போவான்? மதுரை வந்து போக ஒருநாள் கூலி போய்விடுமே. ஆகவே சிற்றூர்களில் பார்வை மையம் என்று திறந்தார்கள். டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்து, கம்ப்யூட்டர் வழியாக மதுரையில் இருக்கிற டாக்டரோடு நோயாளியைப் பேச வைப்பார். கண்ணாடி வேண்டுமென்றால் அங்கேயே கிடைக்கும். ஆபரேஷன் தேவைப்படுகிறவர் மட்டும் பஸ் ஏறினால் போதும். ஒவ்வொரு மையமும் தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அதனால் அங்கேயும் ஒரு கட்டணம் உண்டு, சின்னதாக.

இடம் பெரிதாக வேண்டாம். கடைத்தெருவில் வாடகைக்கு ஓர் அறையும் ஒரு மேஜையும் இருந்தால் போதும். கட்டில்கூடத் தேவையில்லை.